யாருக்குத் தெரிய வேண்டும்?

ஆபீசில் அவளுக்குப் பெயர் பட்டன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது, யாரும் எடுத்துப் புழங்குவதில்லை. ஒரு திரையில் பட்டன் மேலே இருக்க வேண்டுமா கீழே இருக்க வேண்டுமா என்று ஒரு மதியம் முழுக்கச் சண்டை போட்டு, சாப்பாட்டையும் மறந்து, கடைசியில் அந்தப் பட்டனே வேண்டாம் என்று முடித்துவைத்தவள் என்பதால் வந்த பெயர். வயதில் சின்னவர்கள் 'பட்டன் அக்கா' என்பார்கள். மேனேஜர் கோபம் வந்தால் மட்டும் 'மேடம்' என்பார்.

இதற்கு முன்னால் அவள் பார்த்த வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். மருந்துப் பெட்டிக்குள் பொடியாக மடித்து ஒரு காகிதம் இருக்குமே, பிரித்துவிட்டால் திரும்ப மடிக்க யாராலும் முடியாத காகிதம், அதை அச்சுக்குத் தயார் செய்யும் இடத்தில் சில வருடம் இருந்தாள். தான் செய்ததை யார்தான் படிக்கிறார்கள் என்று பார்க்க ஒருநாள் மருந்துக் கடை வாசலில் போய் நின்றாள். வாங்கியவர்கள் பெட்டியைக் கிழித்தார்கள், மாத்திரையை எடுத்துக்கொண்டார்கள், காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு பெரியவர் மட்டும் அதைப் பொறுமையாகப் பிரித்தார். இவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் அதில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்றோடு அந்த வேலை வெறுத்துப்போயிற்று. ஆனால் அன்று பிடித்த பழக்கம் விடவில்லை. எதைச் செய்தாலும் அது புழங்கும் இடத்தில் போய் நின்று பார்த்துவிட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாம் தெரிந்ததுபோலப் பேசுபவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அதை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லியும் விடுவாள். பதவி உயர்வு இன்னும் அவள் பக்கம் வரத் தயங்கிக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம்.

இப்போது இருக்கும் கம்பெனி ஒரு டயர் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில். லிஃப்ட் உண்டு, ஓடாது. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாசனை, மூடினால் புழுக்கம். அங்கே உட்கார்ந்துதான் அவர்கள் ஓர் ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவுக்காகச் செயலி ஒன்றைச் செய்தார்கள். இதயம் சோர்ந்துபோனவர்கள் வீட்டில் இருந்தபடியே காலையில் எடை பார்க்க வேண்டும், ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். எடை மெஷின் தானே எண்ணைப் போனுக்குத் தள்ளிவிடும், போன் டாக்டருக்கு. டாக்டர் தன் நாற்காலியில் இருந்தே நாற்பது வீடுகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் எடைதான் ராஜா. இதயம் திணறினால் உடம்பில் தண்ணீர் தங்கும், தண்ணீர் தங்கினால் எடை ஏறும். மூச்சு வாங்கி, படுக்க முடியாமல் போய், ஆம்புலன்சைக் கூப்பிடும் நிலை வருவதற்குப் பல நாள் முன்பே எடை அதைச் சொல்லிவிடும். அன்றே மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினால் தீர்ந்தது. இதைப் பட்டனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்தப் பிரிவின் தலைமை டாக்டரம்மா. குரல் கணீரென்று இருக்கும். பேச்சில் சர்க்கரையே கிடையாது.

திரையை வடிவமைத்தது பட்டன். எடை சரியாக இருந்தால் திரை முழுக்கப் பச்சையாகி, ஒரு முகம் சிரித்து, 'அருமை' என்று எழுத்து வரும். ஏறியிருந்தால் சிவப்பு. முகம் இருக்காது. 'கவனம்' என்று மட்டும் வரும். அதே பச்சையும் அதே சிவப்பும் அந்த நொடியே குடும்பத்தாரின் போனிலும் வரும். இது அவளுடைய சொந்த யோசனை. தனியாக இருப்பவர்களைக் குடும்பமே சேர்ந்து பார்த்துக்கொள்ளும் இல்லையா? மேனேஜர் கைதட்டினார். விற்பனையைக் கவனிப்பவர், இதை ஒன்றை வைத்தே பத்து ஆஸ்பத்திரிக்கு விற்றுவிடுவேன் என்றார். பட்டனுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

அவளுக்கு இதில் சொந்த லாபமும் இருந்தது. அந்த நாற்பது பேரில் ஒருவர் அவளுடைய அப்பா.

அப்பாவை ஊரில் தராசு இன்ஸ்பெக்டர் என்பார்கள். வேலை பார்த்த காலம் முழுக்கக் கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்தவர். எடைக்கல்லின் அடியில் ஈயத்தைச் சுரண்டியவன், தட்டுக்குக் கீழே காந்தம் ஒட்டியவன், நிறுக்கும்போது சுண்டுவிரலால் நாசூக்காக அழுத்துகிறவன் என எல்லோரையும் கையும் களவுமாகப் பிடித்தவர். அவர் தெருவில் வந்தாலே கடைக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும். வீட்டிலும் அதே கறார்தான். பட்டனும் அவள் தம்பியும் சின்ன வயதில் மிட்டாயைப் பங்கு போட்டுக்கொண்டால்கூட, "கையைப் பாரு, எப்பவும் நிறுக்கறவன் கையைப் பாரு" என்பார்.

அம்மா போன பிறகு அவர் தனியாகத்தான் இருந்தார். மூன்று அறை, முன்பக்கம் ஒரு வேப்ப மரம், தெருவைப் பார்த்த ஜன்னல், அதன் கீழே ஒரு நாற்காலி. காலையில் தானே சமைப்பார், மத்தியானம் தூங்குவார், சாயங்காலம் ஜன்னலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களிடம் வம்பளப்பார். இதயம் முதல் தடவை மக்கர் செய்தபோது, மகள் வீட்டோடு வந்துவிடச் சொல்லி எல்லோரும் மன்றாடினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் டாக்டரம்மாதான் ஒரு வழி சொன்னார். "தனியா இருங்க, நான் வேண்டாங்கல. ஆனா தினமும் காலையில உங்க எடை எனக்கு வரணும். அது சரியா இருக்கற வரைக்கும் உங்க வீடு உங்களுக்கு. இல்லன்னா மகள் வீடு."

ஆக, மகள் வரைந்த திரையின் தயவில்தான் அப்பா தன் வீட்டில் இருந்தார். இதை அவள் ஆபீசில் சொல்லாத ஆளில்லை.

ஆரம்பத்தில் ஒரே ஒரு நாள் சிவப்பு வந்தது. பட்டன் அப்போது மீட்டிங்கில் இருந்தாள். போன் சிவந்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெளியே ஓடிப்போய் அப்பாவைக் கூப்பிட்டாள். என்ன சாப்பிட்டீங்க, ஊறுகாயைத் தொட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, மூச்சு எப்படி இருக்கு என்று பிடித்துக்கொண்டாள். அவள் வைத்ததும் வெளிநாட்டிலிருந்து தம்பி. அவன் வைத்ததும் அவள் வீட்டுக்காரர். பிறகு மறுபடியும் அவளே. சாயங்காலம் பஸ் பிடித்து நேரில் போனாள். போனவள் சும்மா இருந்தாளா? பையிலிருந்து டேப்பை எடுத்து அப்பாவின் கட்டிலை அளந்தாள், தன் வீட்டுச் சின்ன அறையில் நுழையுமா என்று பார்க்க. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து அந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சிவப்பே வரவில்லை. நாள் தவறாமல் பச்சை, நாள் தவறாமல் 'அருமை'. பட்டன் பஸ்ஸில் வரும்போது அந்தச் சிரிக்கிற முகத்தைப் பார்த்துத் தானும் சிரித்துக்கொள்வாள். "எங்கப்பா பாரு, நாற்பது பேர்ல முதல் மார்க்," என்பாள்.

மழைக்காலம் முடிந்த சமயம், எழுத்தைப் பெரிதாக்கிய புதுத் திரை ஒன்று தயாரானது. அதை யாரிடமாவது கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்பாவைவிட வசதியான ஆள் கிடைப்பாரா? சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காலை வேளையில் போய் நின்றாள்.

கதவைத் திறந்த அப்பாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. "என்ன பாப்பா, ஆபீஸ் இல்லையா?"

நாற்பதைத் தொடப்போகிறவள் அவருக்கு இன்னும் பாப்பாதான்.

"இதுவும் ஆபீஸ் வேலைதாம்பா. நீங்க எடை பாக்கறதை நான் பாக்கணும். இன்னைக்குப் பாத்தாச்சா?"

"பாக்கல... அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல உக்காரு, காபி போடறேன்."

காபி போட அவர் சமையலறைக்கு நடந்ததை அவள் பார்த்தாள். நாலு எட்டு வைத்துவிட்டு ஒரு நொடி கதவைப் பிடித்துக்கொண்டார். காலில் புதுச் செருப்பு, அவர் அளவுக்கு ஒரு சுற்றுப் பெரியது. செருப்பு வார் பட்ட இடத்தில் பள்ளம் விழுந்து, இரண்டு பக்கமும் பாதம் உப்பிக்கொண்டு நின்றது. எடை மெஷின் படுக்கையறையில் இருக்கும் என்று தேடினாள், இல்லை. குளியலறைக்கு வெளியே, கை கழுவும் பேசினுக்குப் பக்கத்தில் இருந்தது.

"மெஷினை ஏம்பா இங்க மாத்தினீங்க?"

"அங்க வெளிச்சம் பத்தல."

படுக்கையறையில் இரண்டு ஜன்னல். பேசின் பக்கம் ஒன்றுகூடக் கிடையாது. "ஏறுங்கப்பா," என்றாள்.

அவர் ஏறினார். ஏறியதும் இடது கை, தூக்கத்தில் கொசுவை விரட்டுகிற கைபோலத் தானாகவே போய்ப் பேசினின் விளிம்பில் உட்கார்ந்தது. லேசாகத்தான் வைத்ததுபோல இருந்தது. மணிக்கட்டு நரம்பு மட்டும் புடைத்துக்கொண்டு நின்றது. மெஷின் நல்ல பிள்ளையாக எழுபத்தொன்று காட்டியது. போனில் பச்சை. சிரிக்கிற முகம். 'அருமை'.

நிறுக்கிறவன் கையைப் பார் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் கையைத்தான் பார்த்தாள்.

"கையை எடுங்கப்பா."

"தலை சுத்துது, பிடிமானத்துக்கு..."

"விழுந்தா நான் பிடிச்சுக்கறேன், பக்கத்துலயேதான் நிக்கறேன். எடுங்க."

எடுத்தார். எழுபத்தாறுக்குப் பக்கத்தில் போய் நின்றது. போன் சிவந்தது. அவள் பையிலிருந்த போனும் உடனே குரல் கொடுத்தது. இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். காலமெல்லாம் அடுத்தவன் தராசைப் பிடித்த மனிதர், தன் தராசின் மேல் நின்றபடி தரையைப் பார்த்தார்.

பட்டனுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. கோபம் முந்திக்கொண்டது. "எத்தனை நாளாப்பா இது? உங்களுக்கே தெரியாதா இது தப்புன்னு? நீங்க இதுக்கு எத்தனை பேரைக் கோர்ட்டுக்கு இழுத்தீங்க?"

அப்பா மெஷினை விட்டு இறங்கி மெதுவாக நாற்காலிக்குப் போனார். உட்கார்ந்து, மூச்சு சமாதானமான பிறகு சொன்னார். "அந்தச் சிவப்பு ஒரு தடவை வந்துச்சே, நினைவிருக்கா? அது வந்த அன்னைக்கு நீ என் கட்டிலை அளந்த."

ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப, பட்டன் அவர் செருப்பை எடுத்துவந்து காலடியில் வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவரைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி எத்தனை தலைகாணி வெச்சுப் படுக்கறீங்க?" இதற்கு என்ன பதில் சொன்னால் பாஸ் என்று தெரியாததால் அப்பா உண்மையைச் சொல்லிவிட்டார். படுப்பதே இல்லையாம், படுத்தால் மூச்சு முட்டுகிறதாம், நாற்காலியில்தான் தூக்கமாம். டாக்டரம்மா உடனே அவரைப் படுக்கையில் சேர்த்தார். ஊசி வழியாக மருந்து போய், தேங்கியிருந்த தண்ணீரெல்லாம் வடிந்து, பாதம் பழையபடி எலும்பும் தோலுமாகத் தெரியச் சில நாள் ஆயிற்று. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பேச்சே வேறு என்று நர்ஸ் சொன்னார். பட்டன் அதைக் கேட்டுவிட்டு வராந்தாவில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

டாக்டரம்மா அங்கே வந்தார். திட்டுவார் என்று இவள் எதிர்பார்த்தாள்.

"நானும்தான் ஏமாந்தேன்," என்றார். "காலையில லிஸ்ட்டைத் திறந்தா நாற்பதும் பச்சை. நாற்பது இதய நோயாளியில இத்தனை நாளா ஒருத்தருக்குக்கூட எடை ஏறலன்னா அதிசயம் இல்லையா? எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். சந்தோஷமா இருந்துச்சு, விட்டுட்டேன்."

பிறகு அப்பாவின் படுக்கையருகே போய்க் குரலைக் கொஞ்சமும் இறக்காமல் சொன்னார். "இப்போதைக்கு மகள் வீடு. அப்புறம் எனக்கு நம்பிக்கை வந்தா உங்க வீடு. இன்னொரு தடவை பேசின்ல கை வெச்சீங்கன்னா நானே வந்து உங்க பெட்டியைக் கட்டிடுவேன்."

மகள் வீட்டுச் சின்ன அறைக்கு அப்பா வந்தார். கட்டில் கச்சிதமாக நுழைந்தது. ஒருவரும் அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. மருமகன் காலையில் பேப்பரை முதலில் அவரிடம்தான் கொடுத்தார். ஆனால் அவர் விருந்தாளிபோலவே இருந்தார். எழுந்ததும் போர்வையை நாலு முனையும் சேர்த்து மடித்து வைத்துவிடுவார். ஃபேனைப் போடலாமா என்று கேட்பார். ஜன்னல் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்து இருந்தது, வம்பளக்க அதில் யாரும் வரப்போவதில்லை. கடைக்காரர்களை நடுங்கவைத்த குரல், தண்ணீர் வேண்டும் என்று கேட்கவே தயங்கியது. எடை மட்டும் அச்சுப்போலச் சரியாக இருந்தது. பட்டனுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இதற்கிடையில் அவள் மற்ற நோயாளிகளின் வீடுகளுக்கும் போனாள். சொல்லாமல் போனாள், சும்மா உட்கார்ந்து பார்த்தாள். ஒரு தையல்காரர் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைத் தன் மனைவியின் கையில் கட்டினார். அவளுக்குத்தான் நல்ல நம்பர் வருமாம். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் பச்சை வரும்வரை திரும்பத் திரும்ப எடுத்தார். "மார்க் குறைஞ்சா பிள்ளைங்க முகத்துல எப்படி முழிக்கறது?" என்று கேட்டார். ஒருவர்கூட டாக்டரை ஏமாற்றுவதாக நினைக்கவில்லை. பிறகு யாருக்காக இந்த வேலை என்று கேட்டால், எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: மகனுக்காக, மகளுக்காக, மருமகளுக்காக.

ஆபீசில் மீட்டிங் கூடியது. மேனேஜர் தயாராக ஒரு யோசனையோடு வந்திருந்தார். எடை பார்க்கும்போது போன் கேமரா தானே ஆன் ஆகும், கை எங்கே இருக்கிறது என்று படம் பிடிக்கும், சாய்ந்தால் எச்சரிக்கும்.

"குளிச்சிட்டுத் துண்டோட நிக்கற மனுஷனையா?" என்றாள் பட்டன்.

"மேடம், நோயாளி பொய் சொன்னா நாம வேற என்ன பண்றது?"

"பொய் சொல்ல வெச்சது நாம. இல்ல, நான்தான். அவங்களுக்கு மார்க் போட்டேன். போட்ட மார்க்கை வீடு முழுக்கத் தண்டோரா போட்டேன். எங்கப்பா டாக்டரை ஏமாத்தலைங்க. என்னைத்தான் ஏமாத்தினார்."

பச்சையும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம், சிரிக்கிற முகமும் வேண்டாம் என்றாள். நோயாளியின் திரையில் எண் மட்டும் வரட்டும், அடியில் 'டாக்டரிடம் சேர்ந்துவிட்டது' என்று ஒரு வரி. சிவப்பு டாக்டருக்கும் நர்சுக்கும் மட்டும். எடை ஏறினாலும் நர்ஸ் கூப்பிடுவார், எடை வராவிட்டாலும் கூப்பிடுவார். குடும்பம்? அதற்கு ஒரு தனித் திரை. மேலே 'யாருக்குத் தெரிய வேண்டும்?' என்ற கேள்வி. கீழே டாக்டர், மகன், மகள் என்று கட்டங்கள். டாக்டரைத் தவிர மற்ற கட்டங்கள் காலியாக இருக்கும். நோயாளி தன் விரலால் தொட்டால்தான் நிரம்பும்.

விற்பனைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "குடும்பத்துக்குத் தெரியும்னு சொல்லித்தானே நான் விக்கறேன்!"

அன்றைக்கு வீட்டிலும் அதே சண்டை. வீட்டுக்காரர் சத்தம் போடுகிறவர் அல்ல. பாத்திரம் துடைத்தபடியே கேட்டார். "நாளைக்கு அவருக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா? உனக்குத் தெரியாமலே போச்சுன்னா? தாங்குவியா?"

பட்டன் அவர் துடைத்த பாத்திரங்களை எடுத்து அடுக்கினாள். தினமும் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மட்டும் என்ன தெரிந்துவிட்டது என்பதே மனதில் ஓடியது.

முடிவைச் சொல்ல வேண்டியவர் டாக்டரம்மா. புதுத் திரைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "எனக்கு அழகான லிஸ்ட் வேண்டாம். உண்மையான லிஸ்ட் வேணும். சிவப்பாவே வரட்டும்," என்றார். மேனேஜர் உடனே, தானும் அதைத்தான் நினைத்ததாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

அப்பாவைத் திரும்ப அவர் வீட்டில் கொண்டுவிட்ட அன்று, எடை மெஷினைப் படுக்கையறையிலேயே வைத்தார்கள். பட்டன் அவர் போனில் புதுச் செயலியைப் போட்டு, அந்தக் கேள்வித் திரை வரும்வரை கொண்டுவந்து, அவர் கையில் கொடுத்தாள்.

"இதுல உங்களுக்கு யாரு வேணுமோ அவங்களைத் தொடுங்க. நான் பாக்கல."

ஜன்னல் பக்கம் திரும்பி வேப்ப மரத்தைப் பார்த்தாள். பின்னால் அப்பா கண்ணாடியைத் தேடுவது கேட்டது, கண்ணாடிக் கூடு மூடுவது கேட்டது. எந்தக் கட்டத்தையாவது தொட்டால் ஒரு சின்னச் சத்தம் வரும், அதை வைத்தவளே அவள்தான். சத்தம் வருமென்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வரவேயில்லை.

"ஆச்சு பாப்பா," என்றார் அப்பா.

"சரிப்பா," என்றாள். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அவளுக்கு வயிறெரிந்தது. பெற்ற மகள், அந்தச் செயலியைச் செய்தவள், ஒரு கட்டத்துக்குக்கூடத் தகுதியில்லாமல் போனாளா?

அப்புறம் வந்த காலைகள் கொடுமையானவை. எட்டு மணிக்குக் கை தானாகப் போனை எடுக்கும். அங்கே ஒன்றும் இருக்காது. ஆபீசின் கம்ப்யூட்டரில் போய்ப் பார்க்க அவளுக்கு வழி தெரியாமலில்லை. ஒருநாள் பாஸ்வேர்டில் பாதியைத் தட்டியும் விட்டாள். மீதியைத் தட்டாமல் எழுந்துபோய் மூன்று மாடியும் இறங்கி, டயர் கடை வாசலில் நின்றுவிட்டு ஏறிவந்தாள். அப்பாவோடு வழக்கம்போலப் போனில் பேசினாள். என்ன சமையல், தெருவில் என்ன விசேஷம், அவ்வளவுதான். எடையைப் பற்றிக் கேட்கும் வார்த்தை ஒவ்வொரு தடவையும் நாக்கு நுனிவரை வந்தது, ஒவ்வொரு தடவையும் அதை உள்ளே தள்ளினாள். டாக்டரம்மாவை ஒரு வேலையாகப் பார்த்தபோது ஜாடையாகக் கேட்டாள். "உங்க அப்பாவைப் பத்தி உங்க அப்பாகிட்ட கேளுங்க," என்று முடித்துவிட்டார் அந்த அம்மா.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது போன் அடித்தது. அப்பா. வேலை நேரத்தில் அவர் கூப்பிடுகிறவரே அல்ல. டப்பாவை மூடிவைத்துவிட்டு எடுத்தாள்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. வேலையா இருக்கியா?"

"இல்ல, சொல்லுங்க."

"செவ்வாய்க்கிழமை எடை ஏறிடுச்சு பாப்பா. கொஞ்சம் இல்ல, நல்லாவே ஏறிடுச்சு. இறங்கிட்டு மறுபடியும் ஏறிப் பாத்தேன், அதேதான். அப்படியே விட்டுட்டேன், அது டாக்டருக்குப் போயிடுச்சு. அரை மணியில நர்ஸ் கூப்பிட்டாங்க, அப்புறம் அந்த டாக்டரம்மாவே பேசினாங்க. நீர் மாத்திரையை ரெண்டா ஆக்கினாங்க. இன்னைக்கு இறங்கிடுச்சு. இதே மாதிரி இருந்தா போதும், எங்கயும் வர வேண்டாம், வீட்டுலயே இருங்கன்னுட்டாங்க."

செவ்வாய்க்கிழமை. அன்றைக்குச் சாயங்காலம்கூட அவரோடு பேசினாளே, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்ட கதையைச் சொல்லிச் சிரித்தாரே. ஏன் அன்றைக்கே சொல்லவில்லை, என்ன சாப்பிட்டீர்கள், தனியாக எப்படிச் சமாளித்தீர்கள், ஏதாவது ஆகியிருந்தால் என்று கேள்விகள் வரிசைகட்டி நின்றன. அவள் ஒன்றையும் வெளியே விடவில்லை.

"அப்படியா," என்றாள். பிறந்ததிலிருந்து அவள் பேசியதிலேயே கஷ்டமான ஒரு சொல் அதுதான்.

அந்தப் பக்கம் அப்பாவும் காத்திருந்தார். திட்டு வரும், அழுகை வரும், கிளம்பி வருகிறேன் என்பாள் என்று எதிர்பார்த்திருப்பார். எதுவும் வரவில்லை. அவர் மூச்சு போனில் கேட்டது. சீரான மூச்சு.

"கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு," என்றார். "அந்த நம்பரைப் பாத்ததும். உங்கம்மா இருந்திருந்தா அவகிட்ட சொல்லியிருப்பேன்."

அப்பா பயந்ததை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை. அவர் பயந்ததே கிடையாது என்றுகூட நினைத்திருந்தாள். சாப்பாட்டு டப்பாவின் மேல் கண்ணீர் சொட்டியது, துடைக்கத் தோன்றவில்லை. அந்தச் செயலி எத்தனை ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இப்படி ஒரு வார்த்தையை அது எந்தத் திரையிலும் கொண்டுவந்து காட்டாது என்று அவளுக்குத் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது.

"அழறியா?"

"இல்லப்பா."

"பொய் சொல்லாத. இப்பவே கிளம்பி வந்துடாத."

"வரல."

"ஞாயித்துக்கிழமை வா," என்றார் அப்பா. "எதையும் பாக்கறதுக்கு வராத. சும்மா வா."